கைவிட்டேன், காத்திருப்பேன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயல்நாட்டுப் படிப்பு என்னும் பொருள் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார். இப்பொருளை எடுத்துக்கொண்டு மேடையேறுவோர் அனைவரும் முதலில் சொல்லும் முதுமொழி ஒன்று உண்டு. கடலையும் பொருளையும் பற்றியது. அதனை நீங்கள் அறிவீர்கள். ஆதலால் விடுத்து மேற்செல்கிறேன். நம் காலனியில் இவ்வாண்டு மட்டும் நான்கு இல்லங்களில் பெட்டி கட்டும் ஓசை கேட்கிறது. ஒரு பிள்ளை கனடாவிற்கு, ஒரு பெண் ஜெர்மனிக்கு, மற்ற இருவர் எங்கென்று இன்னும் முடிவாகவில்லை. நம் பிள்ளைகளைப் பற்றி நம்மிடையே பேசப் புகுந்தால் ஒருவர்க்குப் பெருமிதம் பிறக்கும். மற்றொருவர்க்குக் கண் கலங்கும். இரண்டிற்கும் நடுவே உண்மை ஒளிந்துகொள்ளும். ஆகவே வேறொரு நாட்டாரின் பிள்ளைகளைப் பற்றிப் பேச விழைகின்றேன். ஜப்பானிய மாணவர் கடல் கடந்து கற்கச் சென்ற வரலாறே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஏன் ஜப்பான் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு பண நோட்டு. டோக்கியோ சென்று திரும்பிய நண்பர் ஒருவர், செலவழியாமல் சட்டைப்பையில் தங்கிவிட்ட ஐயாயிரம் யென் நோட்டு ஒன்றை எனக்குக் காட்டினார். அதில் ஒரு பெண்மணியின் முகம். ட்சுதா உமேகோ என்பது அவர் பெயர். 2024 ஜூலைத் திங்களில் வெளியான புதிய வரிசை நோட்டு அது. அவ்வரிசையில் பதினாயிரம் யென் நோட்டில் ஷிபுசாவா எயீச்சி என்னும் தொழில் மேதை. ஆயிரம் யென் நோட்டில் கிதசாதோ ஷிபாசபூரோ என்னும் மருத்துவ அறிஞர். வீட்டிற்கு வந்து மூவர் வரலாற்றையும் புரட்டிப் பார்த்தேன். ஷிபுசாவா, 1867இல் பாரிஸ் நகரப் பொருட்காட்சிக்குச் சென்ற தூதுக்குழுவோடு ஐரோப்பா சென்று, அங்கே வங்கிகளும் கூட்டுப்பங்கு நிறுவனங்களும் நடைபெறும் முறையைக் கண்டு வந்தவர். கிதசாதோ, பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் பேராசானின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். ட்சுதா அம்மையாரோ ஆறு வயதில் கப்பலேறியவர். 1984ஆம் ஆண்டு வரிசையைப் பார்த்தாலும் ஃபுகுசாவா, நிதோபே, சோசெகி என்ற மூவரும் கடல் கடந்தவர்களே. இடையில் 2004ஆம் ஆண்டு வரிசையில்தான், இருபத்து நான்கு வயதிலேயே மறைந்த ஹிகுச்சி இச்சியோ என்னும் பெண் எழுத்தாளர், தாய்நாட்டை விட்டு அகலாமலே நோட்டில் இடம்பெற்றார்.

ஒரு நாடு தன் பணத்தில் யாருடைய முகத்தைப் பொறிக்கிறது என்பது சிறு செய்தியன்று. ஆயினும், இத்துணைச் சிறப்புச் செய்யும் அதே நாட்டில், வெளிநாடு சென்று திரும்பிய மாணவர் திரும்பிய அன்று பட்ட பாடு என்ன என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லவே வந்தேன்.

ஜப்பானியர் கற்கச் செல்வது நேற்றைய வழக்கமன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீன நாட்டிற்குத் தூதுவர்கள் சென்றனர். அவரோடு மாணவரும் புத்தத் துறவியரும் சென்றனர். மரக்கலங்கள் புயலில் சிதைவதும், சென்றோர் மீளாது போவதும் உண்டு. 717ஆம் ஆண்டுத் தூதுக்குழுவில் இரு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் கிபி நோ மகிபி. அவர் 735இல் நூற்சுமைகளோடு மீண்டு, பின்னாளில் உயர்ந்த அமைச்சராகவும் ஆனார். மற்றவர் அபே நோ நகமாரோ. அவருடைய கல்வியை மெச்சிய சீனப் பேரரசு அவருக்குப் பதவி தந்து தன்னோடே நிறுத்திக்கொண்டது. 753இல் ஊர் திரும்புவதற்காகக் கப்பலேறினார். காற்று அக்கப்பலை இன்றைய வியட்நாம் கரையில் ஒதுக்கியது. மறுபடியும் சீனத் தலைநகர்க்கே சென்று சேர்ந்து, 770இல் அங்கேயே கண் மூடினார். நிலவைக் கண்டு தம் ஊர் மலையை நினைந்து அவர் பாடிய சிறு பாடல், ஜப்பானியப் பிள்ளைகள் சீட்டாட்டம் போல விளையாடிக் கற்கும் நூறு பாடல்களுள் ஒன்றாக இன்றும் இருக்கிறது. ஒரே தூதுக்குழுவில் சென்ற இருவருள் திரும்பியவரை அரசியல் வரலாறு நினைவில் வைத்தது. திரும்பாதவரைக் குழந்தைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பின்னர் ஒரு காலம் வந்தது. 1635இல் ஷோகுன் அரசு, ஜப்பானியர் எவரும் வெளிநாடு செல்லலாகாது என்றும், சென்றவர் திரும்பி வந்தால் மரண தண்டனை என்றும் ஆணையிட்டது. புறப்படுவதைக் காட்டிலும் திரும்பி வருவதையே பெருங்குற்றமாகக் கண்ட அரசு அது. அத்தடை 1866 வரை நீடித்தது. தடை நீங்குவதற்கு முன்பே, 1863இல் சோஷூ என்னும் சிற்றரசைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை அணிந்து, யோக்கஹாமா துறைமுகத்தில் ஆங்கிலேயர் கப்பலில் ஒளிந்து ஏறினார்கள். அவர்களுள் இருவரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வதுண்டு. இங்கிலாந்தில் என்ன கற்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, கடற்படை என்று சொல்ல நினைத்து, மாலுமித் தொழில் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டார்களாம். கப்பல் தலைவனும் நல்லெண்ணத்தோடு, வழி முழுவதும் அவர்களைக் கயிறு இழுக்கவும் தளம் கழுவவும் விட்டுவிட்டானாம். மொழி தெரியாமல் இவ்வூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நாளை நினைவில் வைத்திருப்போர் இங்கு பலர் உண்டு. அவர்கள் அவ்விருவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஐவரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம்சன் என்னும் வேதியியல் பேராசிரியரின் ஆதரவில் பயின்றனர். தளம் கழுவிய இருவருள் ஒருவரான இதோ ஹிரொபூமி, 1885இல் ஜப்பானின் முதல் பிரதமரானார். இனொவே மசாரு அந்நாட்டு ரயில்வேயின் தந்தை எனப் போற்றப்படுகிறார். எனக்கு மிகவும் பிடித்தவர் யமாஓ யோசோ. அவர் கிளாஸ்கோ நகரில் பகலெல்லாம் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்து, இரவில் வகுப்பிற்குச் சென்றார். அத்தளத்தில் காது கேளாத தொழிலாளர் கைச்சாடையால் பேசிக்கொண்டு மற்றவர்க்கு இணையாக வேலை செய்வதைக் கண்டார். தாயகம் மீண்டபின் பொறியியல் கல்லூரிக்கு வழிசெய்ததோடு, கண் காணாதார்க்கும் காது கேளாதார்க்கும் பள்ளி வேண்டுமென்று 1871இலேயே அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

இவர்கள் ஆடவர், திரும்பி வந்தபோது பதவிகள் காத்திருந்தன. பெண்களின் கதை வேறு.

1871 டிசம்பர் 23ஆம் நாள், யோக்கஹாமாவிலிருந்து இவாகுரா தூதுக்குழு அமெரிக்காவிற்குப் புறப்பட்டது. அமைச்சர்களும் அலுவலரும் மாணவருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சென்ற அக்கப்பலில் ஐந்து சிறுமியரும் இருந்தனர். ஹொக்கைடோத் தீவின் குடியேற்றத்தைக் கவனித்து வந்த அரசு அலுவலகம் அவர்களைப் பத்தாண்டுப் படிப்பிற்கு அனுப்பியது. உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சார்ந்த குடும்பத்துப் பெண்கள் அவர்கள். அவர்களுள் இளையவள் ட்சுதா உமேகோ, வயது ஆறு. யமகாவா என்னும் குடும்பத்துப் பெண்ணுக்கு வயது பதினொன்று. எட்டு வயதில் கோட்டை முற்றுகைக்குள் இருந்து பீரங்கிக் குண்டுகளைக் கண்டவள். புறப்படுமுன் அவளுடைய தாய் அவள் பெயரையே மாற்றினாள். புதிய பெயர் சுதேமத்சு. முதற்பகுதிக்குக் கைவிடுதல் என்று பொருள். பின்பகுதி எழுத்தில் பைன் மரத்தைக் குறிக்கும். ஒலியில் காத்திருத்தலைக் குறிக்கும். உன்னைக் கைவிட்டேன், உனக்காகக் காத்திருப்பேன் என்று மகளின் பெயரிலேயே ஒரு தாய் எழுதி அனுப்பினாள்.

இதனை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இதிலே கண்ணீருக்கு இடமுண்டு. எனினும் அதனினும் மேலாக ஒரு தெளிவு இருக்கிறது. அனுப்புவது என்றால் என்ன என்று அத்தாய்க்குத் தெரிந்திருந்தது. போகிற பெண் போன வண்ணமே திரும்பப் போவதில்லை.

ஐவருள் மூத்த இருவர் உடல்நலக் குறைவால் ஓராண்டிற்குள் திரும்பிவிட்டனர். மூவர் தங்கினர். சுதேமத்சு நியூ ஹேவன் நகரில் ஒரு பாதிரியார் குடும்பத்தில் வளர்ந்து, வாஸர் கல்லூரியில் சேர்ந்து, 1882இல் பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவரே. நகாய் ஷிகேகோ அதே கல்லூரியில் இசை பயின்று, ஓராண்டு முன்னதாகவே திரும்பினார். உமேகோ வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில், குழந்தையற்ற ஒரு தம்பதியரிடம் பதினொரு ஆண்டுகள் மகளைப் போல் வளர்ந்தார். 1882 இறுதியில் உமேகோவும் சுதேமத்சுவும் ஒன்றாகவே யோக்கஹாமாவில் வந்திறங்கினர்.

வந்து பார்த்தால், அவர்களை அனுப்பிய அலுவலகமே இல்லை! அவ்வாண்டின் தொடக்கத்தில் அதனைக் கலைத்துவிட்டார்கள். இவர்களுக்கு என்ன வேலை என்று சொல்லும் பொறுப்பு எவரிடமும் இல்லை. உடன் கற்ற ஆடவர்க்கெல்லாம் அலுவல்கள் கிடைத்தன. உமேகோவுக்கோ தாய்மொழியே மறந்துபோயிருந்தது. பெற்ற தாயோடு பேசச் சொற்கள் இல்லை. தரையில் மடித்து அமரக் கால்கள் பழகவில்லை. சுதேமத்சுவுக்கு ஆசிரியப் பணிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆனால் கரும்பலகையில் தாய்மொழியை எழுத அறியாதவர் எவ்வாறு வகுப்பெடுப்பார்? பத்தாண்டுகள் அரசு செலவு செய்து பெற்ற கல்வி, இறங்கிய துறைமுகத்திலேயே பெட்டியில் கிடந்தது.

உமேகோ ஜப்பானிய மொழியைச் சிறுமி போல மீண்டும் எழுத்துக் கூட்டிக் கற்றார். உயர்குடிப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். 1889இல் மறுபடியும் அமெரிக்கா சென்று பிரின் மார் கல்லூரியில் உயிரியல் பயின்று, பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற மார்கன் என்பாரோடு தவளை முட்டையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அங்கேயே ஆராய்ச்சியாளராகத் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. திரும்புவதற்கு முன், ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் கற்பதற்கு உபகாரச் சம்பளம் வழங்க அங்கிருந்த பெண்மணிகளிடம் நிதி திரட்டினார். 1900இல் டோக்கியோவில் பத்து மாணவியரோடு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். இன்று அது ட்சுதா பல்கலைக்கழகம். கப்பலில் உடன் வந்த சுதேமத்சு அப்பள்ளிக்குத் துணை நின்றார். அரசு காத்திருக்க மறந்த இடத்தில், பின்னே வரும் பெண்களுக்காகத் தாமே காத்திருப்பது என்று அப்பெண்கள் முடிவு செய்தார்கள் போலும்.

ஆடவர் அனைவரும் இன்புற்றிருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டா. எழுத்தாளர் நத்சுமே சோசெகி 1900இல் ஆண்டிற்கு 1,800 யென் உதவித்தொகையோடு கல்வி அமைச்சால் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அத்தொகையில் பெரும்பகுதியைப் புத்தகங்களுக்குச் செலவிட்டு, மலிவான விடுதி அறைகளில் அடைந்து கிடந்து, அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தாயகத்தில் வதந்தி பரவும் அளவிற்கு வாடினார். உதவித்தொகை படிப்பிற்குப் போதுமானதாக இருக்கும், தனிமைக்குப் போதாது. இதனை இக்காலப் பெற்றோரும் கணக்கில் கொள்வது நன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் அமெரிக்க அரசின் உதவியாலும், 1952இலிருந்து ஃபுல்பிரைட் திட்டத்தாலும் ஜப்பானிய மாணவர் மீண்டும் கடல் கடந்தனர். 1964 ஏப்ரல் வரை சாதாரணக் குடிமகன் சுற்றுலாவிற்கென வெளிநாடு செல்லவே இயலாது. அதன்பின்னும் ஒருவர் 500 டாலர்க்கு மேல் கொண்டுசெல்லத் தடை இருந்தது. பிறகு நாடு செழித்தது, யென்னின் மதிப்பு உயர்ந்தது, மாணவர் வெள்ளமெனச் சென்றனர். 1997-98ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 47,000க்கு மேற்பட்ட ஜப்பானிய மாணவர் இருந்தனர். எந்த நாடும் அன்று அத்துணைப் பேரை அங்கே அனுப்பவில்லை.

அதன்பின் வெள்ளம் வடிந்தது. 2010களின் தொடக்கத்தில் அவ்வெண்ணிக்கை 20,000க்கும் கீழே இறங்கியது. உடனே ஜப்பானியப் பெரியோர் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தனர். இளைஞர் உள்நோக்கியவர்களாகிவிட்டார்கள், வெளியுலகை அஞ்சுகிறார்கள் என்று பழித்தனர். எந்த நாட்டிலும் முதியோர்க்கு இது எளிதான வேலை, நானும் செய்வதுண்டு. ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. 1992இல் ஜப்பானில் பதினெட்டு வயதினர் 20 லட்சத்திற்கு மேல். இன்று ஏறத்தாழ 11 லட்சம். பிள்ளைகளே குறைந்துவிட்டபோது செல்வோர் குறையாரா? பணத்தையும் பாருங்கள். 2011இல் ஒரு டாலர் வாங்க எண்பது யென்னும் தேவைப்படவில்லை. 2024 நடுவில் நூற்றறுபது யென் தேவைப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி ஒரு டாலர் கூடக் கட்டணத்தை உயர்த்தாவிடினும், டோக்கியோவில் உள்ள தந்தைக்குச் செலவு இரு மடங்காகும்.

இவற்றினும் பெரிய தடை ஒன்று உண்டு. அது வேலை தேடும் முறை. ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, அவ்வாண்டு பட்டம் பெறுவோரை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அனைவரும் ஏப்ரல் முதல் நாள் ஒன்றாகப் பணியில் சேர்வர். அதற்கான நேர்காணல்களும் முன்பயிற்சிகளும் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகின்றன. மாணவர் வெளிநாடு செல்ல உகந்த காலமும் மூன்றாம் ஆண்டே. மேனாட்டுக் கல்லூரிகள் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ திறந்து மே, ஜூனில் முடியும். ஜப்பானியக் கல்வியாண்டோ ஏப்ரலில் தொடங்கும். ஓராண்டு வெளியில் இருந்து திரும்பும் மாணவன், தோழர்கள் அனைவரும் வேலை உறுதி பெற்று நிற்பதைக் காண்கிறான். ஆகவே பலர் படிப்பை ஐந்தாண்டாக நீட்டுகிறார்கள். பலர் போவதையே விட்டுவிடுகிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகம் கல்வியாண்டை இலையுதிர் காலத்திற்கு மாற்றலாமா என்று சில ஆண்டுகள் ஆராய்ந்து, 2013இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. விந்தை என்னவெனில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் பாஸ்டன் நகருக்கு ஜப்பானிய நிறுவனங்கள் திரண்டு சென்று, அங்கே கற்கும் ஜப்பானிய மாணவரைச் சில நாட்களிலேயே நேர்கண்டு வேலைக்கு எடுக்கின்றன. மாணவர் திரும்பி வருவதற்கு இடமில்லாத முறையை வைத்துக்கொண்டு, வேலையையே விமானத்தில் ஏற்றிச் செல்கிறார்கள்!

இந்நிலையில் பல்கலைக்கழகங்கள் கண்ட வழியே மாணவர் பரிமாற்றம். இரு பல்கலைக்கழகங்கள் உடன்பாடு செய்துகொள்ளும். மாணவன் கட்டணத்தைத் தன் பல்கலைக்கழகத்திலேயே செலுத்துவான், அயல்நாட்டில் கட்டணமில்லை. அங்கிருந்து ஒருவன் இங்கே வருவான், அவனுக்கும் அவ்வாறே. அங்கே தேறிய பாடங்களை இங்கே கணக்கில் சேர்ப்பர். 2004இல் வடபகுதியிலுள்ள அகிதா மாநிலத்தில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பல்கலைக்கழகம், எல்லா மாணவரும் ஓராண்டு வெளிநாட்டில் கற்றே தீர வேண்டும் என்று விதித்தது. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடைபெறும்; நூலகம் இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். எல்லாரும் போவதால், போனவன் பின்தங்கினான் என்னும் பேச்சிற்கே அங்கு இடமில்லை. எளிய, ஆனால் கூரிய ஏற்பாடு.

அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து, பறந்து செல் என்று பொருள்படும் பெயரில் 2014 முதல் உதவித்தொகை வழங்கி வருகின்றன. அதில் மதிப்பெண்ணைவிட, என்ன செய்யப் போகிறாய் என்பதற்கே முதலிடம். பணம் நிறுவனங்களின் நன்கொடை. 2018இல் வெளிநாடு சென்ற ஜப்பானிய மாணவர் 1,15,146 பேர். பெருந்தொற்று வந்த 2020இல் 1,487 பேர். 2023இல் அவ்வெண் மீண்டும் 89,000ஐக் கடந்தது. 2033க்குள் ஐந்து லட்சம் பேரை அனுப்புவது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. இலக்கைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. 2018இல் சென்றோருள் மூன்றில் இரு பங்கினர் ஒரு மாதத்திற்கும் குறைவாகவே தங்கினர். ஒரு மாதத்தில் ஊரைப் பார்க்கலாம். கடைக்காரரின் கோபத்தையும் அண்டை வீட்டாரின் அன்பையும் அறிய அது போதாது. வேலை தேடும் முறையை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தினால் இப்படித்தான் ஆகும்.

பரிமாற்றம் என்னும் சொல்லைச் சொன்னேன். அச்சொல்லின் முழுப் பொருளை எனக்குக் கற்பித்தது ஒரு துயரச் செய்தி. 1992 அக்டோபரில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பரிமாற்றத் திட்டத்தில் சென்றிருந்த பதினாறு வயது ஜப்பானியப் பள்ளி மாணவன், விருந்துக்குச் செல்லும் வழியில் வீடு மாறி ஒரு வாயிலில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவரைக் குற்றவாளியல்லர் என்று நடுவர் குழு விடுவித்தது. அவன் பெற்றோர் என்ன செய்தார்கள் தெரியுமா? துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தக் கோரி ஜப்பானில் பத்து லட்சத்திற்கும் மிகுதியான கையொப்பங்களைத் திரட்டினர். மகன் பெயரால் ஒரு நிதி அமைத்து, அமெரிக்க மாணவர் ஜப்பானுக்கு வந்து ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வழிசெய்தனர். தம் பிள்ளை திரும்பி வராத வீட்டுக்காரர்கள், வேறொருவர் பிள்ளைக்குக் கதவு திறந்தார்கள். இதற்கு மேல் இதனைப் பற்றி எனக்குப் பேசத் தெரியவில்லை.

நம் நாட்டிற்குக் கற்க வந்த ஜப்பானியர் இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். தமிழர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைச் சொல்கிறேன். 1933இல் பிறந்த நொபோரு கராஷிமா, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பயின்று, 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு மாணவராக வந்தார். தமிழ் கற்றார், கல்வெட்டுப் படிக்கக் கற்றார். சோழர் காலத்து அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சிற்றூர்களின் கல்வெட்டுகளை அருகருகே வைத்து, பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆளுக்கு உரியதாயிருந்ததையும், அல்லூரில் ஊராரின் பொது உடைமையாயிருந்ததையும் எடுத்துக்காட்டினார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில் அக்கட்டுரையைப் படித்தார். பின்னர் எ. சுப்பராயலு அவர்களோடும் மற்றொரு ஜப்பானியரோடும் கூடிச் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் வெளியிட்டார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தார். 2013இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2015இல் மறைந்தார். நம் ஊர் நிலம் யாருடையதாயிருந்தது என்பதை நமக்கே தெளிவுறச் சொல்ல, டோக்கியோவிலிருந்து ஒரு மாணவர் வந்து சில ஆண்டுகள் தங்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் ஆகிற வேலையா அது?

இனி, என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லி அமைகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் மாடியறையில் – பர்சாத்தி என்று தில்லியில் சொல்கிறோமே, அந்த அறையில் – ஒரு ஜப்பானிய மாணவி பத்து மாதங்கள் தங்கியிருந்தாள். பரிமாற்றத் திட்டத்தில் இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு படிக்க வந்தவள். வந்த மறுவாரமே காலனிப் பிள்ளைகளைப் பார்த்து என் மனைவியைப் பாட்டி என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். மார்கழியில் விடியற்காலையில் இறங்கி வந்து கோலத்திற்குப் புள்ளி வைப்பாள்; வரிசை சற்றும் பிசகாது. இழை இழுக்கும்போதுதான் தடுமாறுவாள். என் பேரனுக்குத் தமிழ் எழுத்து வராது, இந்தியும் ஆங்கிலமும்தான். அவள் தமிழ் எழுத்துப் பழகுவதைப் பார்த்து அவனுக்கு வெட்கம் வந்தது. இருவரும் ஒரே அரிச்சுவடியை வைத்துக்கொண்டு படியில் அமர்ந்திருப்பார்கள். அவள் ழகரத்தில் அவனை முந்திவிட்டாள் என்று ஒருநாள் சாப்பிட மறுத்தான்.

புறப்படுவதற்கு முந்திய இரவு அவளிடம் கேட்டேன்: "இங்கு வரும்போது எதற்கு அஞ்சினாய், அம்மா?"

"வரும்போது தண்ணீருக்கும் போக்குவரத்துக்கும் அஞ்சினேன், தாத்தா. இப்போது திரும்பிப் போக அஞ்சுகிறேன். ஊரில் எல்லாரும் இந்தியா எப்படி இருந்தது என்று கேட்பார்கள். ஒரு நிமிடத்தில் விடை சொல்ல வேண்டும். இரண்டாம் நிமிடத்தில் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்" என்றாள்.

நான் நாற்பது ஆண்டுகளுக்கு முன் முதல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, தெருத் திண்ணையில் என்னைக் கேட்ட கேள்வியும் அதே. நான் சொன்ன விடையும் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

டோக்கியோ சென்றபின் அவள் எழுதினாள். பதினொரு நிறுவனங்களின் நேர்காணலுக்குச் சென்றாளாம். பத்து இடங்களில் ஓராண்டு தாமதம் ஏன் என்றுதான் கேட்டார்களாம். பதினோராம் இடத்தில் ஒரு முதியவர், தில்லியில் யாரோடு தங்கியிருந்தாய் என்று கேட்டாராம். அரைமணி நேரம் பேசினாளாம். கோலத்தைத் தாளில் வரைந்தும் காட்டினாளாம். அங்கேதான் இப்போது பணியாற்றுகிறாள்.

வரும் ஆகஸ்டில் ஒசாகாவிலிருந்து இன்னொரு மாணவர் வருகிறார். மாடியறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. அவருக்கு வாரம் இரு நாள் தமிழ் கற்பிக்க ஒருவர் தேவை; என் மனைவிக்கு முழங்கால் வலி, மாடி ஏற இயலாது. மனமுள்ளோர் விழா முடிந்ததும் நூலகத்தருகே என்னைக் காணலாம். பேரன் அரிச்சுவடியை எடுத்து வைத்திருக்கிறான்.